நன்றாகத்தான் பேசுவார்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள். எனக்குக் காற்று வேண்டாம், சிக்னல் கிடைத்தால் போதும். கிருஷ்ணகிரி போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆகும் என்கிறார் கண்டக்டர். நடுவில் எனக்குப் போன் வரும். ஸ்பீக்கரில்தான் போட்டாக வேண்டும். போன வாரம் கீழே விழுந்ததிலிருந்து இதைக் காதில் வைத்தால் ஒன்றும் கேட்பதில்லை. தொந்தரவுக்கு முன்கூட்டியே மன்னித்துவிடுங்கள்.

இந்தப் படத்தைப் பாருங்கள். வெள்ளைச் சட்டை, கையில் எவர்சில்வர் டம்ளர். உங்களுக்கும் வந்திருக்குமே? வந்ததா? எந்தக் குழுவில்? அபார்ட்மென்ட் குழுவிலா! பகிர்ந்தீர்களா? பகிர்ந்திருப்பீர்கள். கீழே இருக்கிற போன் நம்பர் என்னுடையது. அவர் என் அண்ணன். தணிகாசலம். நான் ஏகாம்பரம்.

கிடைத்துவிட்டார். கிருஷ்ணகிரிக்கு இந்தப் பக்கம் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு பஞ்சர் கடை. மாதேஷ் என்பவருடைய கடை. அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்குப் படம் அனுப்பி, "இவரா சார்?" என்று கேட்டார். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. "அவர் மாதிரிதான் இருக்கு, விடாதீங்க, இதோ கிளம்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு வேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்தேன். பதினேழு நாள் ஆயிற்று அவரைப் பார்த்து.

சந்தோஷமான விஷயம்தான். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். என் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையா?

என் தொழிலைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். இருபத்தெட்டு வருஷம் ஒரு மாலைப் பத்திரிகையில் இருந்தேன். செய்தி எழுதுகிற ஆள் இல்லை. பெட்டிக்கடை வாசலில் தொங்குமே தாள், கொட்டை எழுத்தில் மூன்று வார்த்தை, அதை எழுதுகிற ஆள். அவசரமாகப் போகிறவன் நிற்க வேண்டும், நின்றவன் காசு கொடுத்து வாங்க வேண்டும். விஷயத்தைச் சொல்லிவிட்டால் வாங்க மாட்டான். சொல்லாமல் விட்டாலும் வாங்க மாட்டான். பாதி சொல்ல வேண்டும். 'கோட்டை அகழியில் முதலை?' என்று ஒரு நாள் போட்டேன். வேலூரில் நாலரை மணிக்குள் ஒரு பிரதி மிச்சம் இல்லை. முதலை இருந்ததா என்று கேட்காதீர்கள். கேள்விக்குறி போட்டேனா இல்லையா?

பத்திரிகை நின்றதும் அதே வேலையைப் போனில் செய்ய ஆரம்பித்தேன். பதிவை ஓட வைப்பது. நம் ஊரில் பல் டாக்டரிலிருந்து கல்யாண மண்டபக்காரர் வரை எல்லாருக்கும் முகநூல் பக்கம் இருக்கிறது, எவருடையதும் ஓடுவதில்லை. "சார், அம்பது லைக்குக்கு மேல ஏறவே மாட்டேங்குது" என்று வருவார்கள். பல் டாக்டர் வேர் சிகிச்சையின் நன்மைகள் பத்து என்று போட்டிருந்தார். யார் பார்ப்பது? 'நாற்காலியில் உட்கார்ந்ததும் எழுந்து ஓடிய இன்ஸ்பெக்டர், அப்புறம் நடந்தது' என்று மாற்றிக் கொடுத்தேன். மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். டாக்டர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. காலை ஆறே முக்காலுக்குப் போடு, இல்லையென்றால் ராத்திரி எட்டரைக்கு. முதல் நாற்பது நிமிஷத்துக்குள் சொந்தக்காரர்களை விட்டு லைக் போட வைக்காதே, கமெண்ட் எழுத வை. ஒவ்வொரு கமெண்டுக்கும் பதிலாக ஒரு கேள்வி கேள். முகம் வேண்டும், முகத்தில் கண்ணீர் இருந்தால் நல்லது. முதல் வரி முடியக் கூடாது. இவ்வளவுதான். நான் கெட்டது ஒன்றும் செய்யவில்லை. ஓடுகிற மாதிரி செய்தேன்.

அண்ணன் ரயில்வேயில் கீமேன். தண்டவாளத்தோடு தினமும் ஆறு கிலோமீட்டர் நடந்து, ஒவ்வொரு கட்டையிலும் சாவி தளர்ந்திருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்க்கிற வேலை. முப்பத்தோரு வருஷம் நடந்தார். தனியாகவே நடந்து பேச்சு குறைந்துபோன மனுஷன். பேசினது முழுக்க எங்கள் அண்ணியிடம்தான். போன வருஷம் அண்ணி தவறிப்போனார்கள். ஒரே மகள் யமுனா சென்னையில் வேலை பார்க்கிறாள். காட்பாடியில் அண்ணன் தனியாக இருந்தார். ஐந்து மணிக்கு எழுந்து டீ போடுவார், சாயங்காலம் நடப்பார்.

அண்ணியின் வருஷ திதிக்கு முதல் நாளே போய் அங்கே தங்கினேன். காலையில் டம்ளர் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால், அண்ணன் இரண்டு டம்ளரில் டீ ஊற்றி, ஒன்றை அண்ணி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். "நேத்து மழை பெஞ்சுது. துணியை எடுக்க மறந்துட்டேன். திட்டாத." நிறுத்தி நிறுத்தி, பதில் வருகிற மாதிரி இடம் விட்டுப் பேசினார். அப்புறம் ஆறிப்போன அந்த டீயையும் அவரே எடுத்துக் குடித்தார்.

நான் கதவோரம் நின்றேன். போன் என் கையில் இருந்தது. அது எப்போதும் இருப்பதுதான்.

நாற்பத்தெட்டு வினாடி. 'இன்னொரு டம்ளர் யாருக்கு?' என்று முதல் வரி. பதினொரு லட்சம் பேர் பார்த்தார்கள். பார்த்தவர்கள் எல்லாம் அழுதார்கள். "என் புருஷனும் இப்படி இருப்பாரா" என்று பெண்கள் எழுதினார்கள். இதில் அண்ணனுக்குக் கேவலம் எங்கே வந்தது? பெருமைதானே? நான் அப்படித்தான் நினைத்தேன். இப்போதும்... சரி, விடுங்கள்.

அண்ணனிடம் பட்டன் போன்தான். அவருக்குத் தெரிந்தது டீக்கடையில். ஒரு டீ கேட்டால் கடைக்காரர் இரண்டு வைத்தாராம். "இது அம்மாவுக்கு, காசு வேணாம் பெரியவரே" என்றாராம். அன்றைக்குச் சாயங்காலம் காட்பாடியிலிருந்து என் வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டார்.

"ஏகா, அது நான் உங்க அண்ணிகிட்ட பேசினது."

"ஆமாண்ணா. அதனாலதான் எல்லாருக்கும் புடிச்சிருக்கு."

"எல்லார்கிட்டயும் பேசலையே நானு."

நான் போனைத் திருப்பி, எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று காட்டினேன்.

"எடுத்துடு அத."

"ரெண்டே நாள் பொறுண்ணா. இப்பதான் ஏறுது. ஏறும்போது எடுத்தா பக்கத்தையே அமுக்கிடுவான்."

"எவன்?"

"ஆள் இல்லண்ணா. அது மெஷினு."

"மெஷினுக்கு பயந்துகிட்டா என்னை மாட்டி வெச்சிருக்க?"

சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். தண்ணீர் கேட்டுக் குடித்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். சண்டை இல்லை. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன், ஒரு வார்த்தை சண்டை கிடையாது எங்களுக்குள்.

மறுநாள் கதவு பூட்டியிருந்தது. என்னிடம் இருந்த சாவியால் திறந்து பார்த்தேன். கேஸ் மூடியிருந்தது. போன் மேஜைமேல். அண்ணி படம் ஆணியில் இல்லை. சமையல் மேடையில் ஒரு டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. இன்னொன்றைக் காணோம்.

இருங்கள், போன் வருகிறது. மாதேஷ்தான்.

"சொல்லுங்க மாதேஷ்... ஆம்பூர் தாண்டிட்டேன்... போறேன்றாரா? விடாதீங்க. டீ வாங்கிக் குடுங்க... வேணாம்னுட்டாரா? சரி, சும்மா பேச்சு குடுத்துகிட்டு இருங்க. ஷட்டரெல்லாம் எதுக்கு... சரி, பாதி மட்டும் எறக்கி வைங்க, வெயிலுக்கு எறக்கினாப்ல இருக்கும். வந்துடறேன்."

கேட்டீர்களா அவர் சொன்னதை? மாங்காய் மண்டியில் வாட்ச்மேனாம் அண்ணன். நேரத்துக்குப் போகவில்லை என்றால் முதலாளி திட்டுவாராம். மண்டியில் விசாரித்தார்களாம், பத்து நாளாக இருக்கிறார், நல்ல மனுஷன், எந்த ஊர் என்று தெரியாது என்றார்களாம். "நல்லா தெளிவா பேசறாரு சார், நீங்க போட்டிருந்தாப்லயே" என்று மாதேஷ் சொன்னாரே, அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

முதலில் யமுனாதான் ஒரு பதிவு போட்டாள். பெயர் தணிகாசலம், வயது அறுபத்து நான்கு, ஊர் காட்பாடி, உயரம், நிறம், இடது முன்கையில் பழைய தீக்காயம், இன்ன தேதியிலிருந்து காணவில்லை, பார்த்தால் தெரிவிக்கவும். எல்லாம் சரியாக இருந்தது. அறுபத்திரண்டு பேர் பகிர்ந்தார்கள். இரண்டு நாளில் அறுபத்திரண்டு. பெண் போனில் அழுகிறாள். "சித்தப்பா, உங்களுக்குத் தெரியுமே, ஏதாவது பண்ணுங்களேன்" என்கிறாள். நான் என்ன செய்யட்டும்? எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்.

பெயரை எடுத்தேன். பெயர் போட்டால் அவர் யாரோ ஒரு தணிகாசலம். 'இந்த அப்பா' என்று போட்டால் எல்லார் வீட்டு அப்பா. ஊரை எடுத்தேன். காட்பாடி என்று போட்டால் மதுரைக்காரன் எதற்குப் பகிர்வான்? தேதியை எடுத்தேன். தேதி போட்ட பதிவு மூன்றாம் நாள் செத்துவிடும். தீக்காயம், உயரம் எல்லாம் போயிற்று, அதை யார் படிக்கிறார்கள்? மிஞ்சினது முகமும் என் நம்பரும்தான். முகத்துக்குப் படம் என்னிடம் இருந்தது. அந்த வீடியோவிலிருந்தே ஒன்றை எடுத்தேன், கண் கலங்கின மாதிரி இருக்கிறது.

படிக்கிறவனுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். 'தெரிவிக்கவும்' என்பது வேலை ஆகாது. அதனால் இப்படி எழுதினேன். நீங்கள் படித்திருப்பீர்கள். 'இந்த அப்பா இப்போது உங்கள் தெருவில் நடந்துகொண்டிருக்கலாம். மறதி நோய். நன்றாகத்தான் பேசுவார். எனக்கு ஒன்றும் இல்லை, விடுங்கள் என்பார். நம்பி விட்டுவிடாதீர்கள். உட்கார வைத்து உடனே அழையுங்கள்.'

நாற்பதாயிரம் பேர் பகிர்ந்தார்கள்.

யமுனா மறுநாள் காலையில் கூப்பிட்டாள். "சித்தப்பா, எங்கப்பாவுக்கு மறதி நோய்னு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா. அறுபத்து நாலு வயசுல யாருக்குத்தான் மறதி இல்ல? துணியை எடுக்க மறந்துட்டேன்னு அவரே சொன்னாரே."

"பேசினா நம்பாதீங்கன்னு எழுதியிருக்கீங்களே?"

"அந்த வரியாலதான் ஓடுது."

போனை வைத்துவிட்டாள். அவளுக்குப் பதற்றம், நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் அழைப்புக்கு மேல் அழைப்பு. திண்டுக்கல்லில் ஒருவரைப் பிடித்து வைத்திருந்தார்கள், அவர் யாரோ. கடலூரில் இருவர், அவர்களும் யாரோ. திண்டுக்கல்காரர் பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனவராம், முகூர்த்தப் புடவை எடுக்கிற நேரம் தவறிப்போயிற்று என்று கத்தினார். என்ன செய்வது, நம் ஊரில் வெள்ளைச் சட்டை போட்ட வயசானவர்கள் நிறைய.

எட்டாம் நாள் அண்ணனே கூப்பிட்டார். வேறு யாருடைய போனிலிருந்தோ.

"ஏகா, நான் நல்லாத்தான் இருக்கேன். அந்த எழுத்தை அழிச்சிடு."

"அண்ணா! எங்கண்ணா இருக்க?"

"ஜோலார்பேட்டையில பெஞ்சோட சேத்து கைய கட்டிட்டானுங்க. துண்டாலதான், வலிக்கல. இட்லி ஊட்டி விட்டானுங்க. எனக்கு ஒண்ணும் இல்லப்பான்னு சொன்னா, ஒருத்தன ஒருத்தன் பாத்து தலையாட்டறானுங்க. சொல்லச் சொல்ல முடிச்சு எறுகுது. பழைய ஸ்டேஷன் மாஸ்டர் ஒருத்தர் அடையாளம் தெரிஞ்சி வந்து அவுத்து விட்டார். இல்லைன்னா..."

"நீ இருக்கற இடத்தைச் சொல்லுண்ணா, நான் வந்து கூட்டிட்டு..."

"வாயால பேசினா செல்லாதுன்னு எழுதிட்டியேடா" என்றார். "நான் வேற எதாலடா பேசுவேன்?"

வைத்துவிட்டார்.

அன்றைக்கே அழித்தேன். சத்தியமாக அன்றைக்கே. வீடியோவையும் அழித்தேன். ஆனால் நான் அழித்தது என் பக்கத்தில் இருந்ததைத்தான். வாட்ஸ்அப்பில் போனதை எங்கே போய்ப் பிடிப்பது? தேதி இல்லாததால் அது ஒவ்வொரு நாளும் அன்றைக்குப் பிறந்த மாதிரியே சுற்றுகிறது. உங்கள் அபார்ட்மென்ட் குழுவில் எப்போது வந்தது என்றீர்கள்? முந்தாநாள். பாருங்கள்.

மறுப்பு ஒன்று எழுதினேன். 'இவருக்கு எந்த நோயும் இல்லை. நான் எழுதியது தவறு. யாரும் இவரைத் தடுக்க வேண்டாம்.' காலை ஆறே முக்காலுக்குப் போட்டேன். பத்தொன்பது லைக். கீழே ஒருவர், 'அட்மின், உங்கள் பக்கத்தை யாரோ திருடிவிட்டார்கள் போலிருக்கிறது, ஜாக்கிரதை' என்று எழுதியிருந்தார். மாற்றிப் போட்டேன், ராத்திரி போட்டேன், என் முகத்தைக் காட்டிப் பேசினேன். ஓடவில்லை. எனக்குத் தெரிந்த எதுவும் அதற்கு உதவவில்லை. முழுதாகச் சொல்லி முடித்துவிட்ட வரியை எவன் பகிர்வான்? பத்திரிகையிலும் அப்படித்தான். முதலைக்கு முதல் பக்கம். முதலை இல்லை என்பது ஏழாம் பக்கத்தில் கீழ் மூலையில். அப்போது அதைப் பார்த்துச் சிரிப்போம்.

இந்தப் பையில் என்ன என்று பார்க்கிறீர்கள். சட்டை. நீலக் கட்டம் போட்டது, இஸ்திரி போட்டு எடுத்து வந்தேன். அண்ணனுக்கு. வெள்ளை கேமராவில் அடிக்கும்.

அப்படிப் பார்க்காதீர்கள். நான் சொல்வதைக் கேளுங்கள். மறுப்பு ஓடாது, சேர்ந்தது ஓடும். அண்ணனும் தம்பியும் பதினேழு நாள் கழித்துக் கட்டிக்கொள்கிறார்கள், அண்ணன் சிரித்துக்கொண்டு, "எனக்கு ஒன்றும் இல்லை, ஊர் சுற்றப் போனேன்" என்கிறார். அது ஓடும். இருபது லட்சம் போகும். அப்புறம் எவனும் அவர் கையைத் தொட மாட்டான். அவருக்காகத்தான். மாதேஷிடம்கூட, "நான் வருகிறவரை வீடியோ எதுவும் போடாதீர்கள், சேர்ந்து எடுக்கலாம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவருக்காகத்தானே? உங்களைத்தான் கேட்கிறேன்.

வாணியம்பாடி தாண்டிவிட்டோம். அதோ, மறுபடியும் மாதேஷ்.

"சொல்லுங்க... என்ன சத்தம் அங்க? ... லைவா? யாரு போட்டது? வேணாம்னு சொன்னேனே... நாலாயிரம் பேரா... அண்ணா குரல் கேக்குது. அவர்கிட்ட குடுங்க... குடுக்க முடியலையா, ஏன்? ... எந்த வேனு?"

கேட்டீர்கள்தானே நீங்கள். காப்பகத்து வேனுக்குச் சொல்லிவிட்டார்களாம். லைவில் பார்த்த யாரோ ஒரு நல்லவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். கால் மணி நேரத்தில் வந்துவிடுமாம். அண்ணன் ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வரப் பார்த்தாராம், மூன்று பேர் பிடித்துக்கொண்டார்களாம். இந்த பஸ் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம். மாதேஷ் லைனில்தான் இருக்கிறார். பொறுங்கள்.

"மாதேஷ், நான் சொல்றதைக் கேளுங்க. அவருக்கு மறதி இல்ல. எந்த நோயும் இல்ல. அது நான் எழுதினது. பொய்யி. அவரை விட்டுடுங்க."

"என்ன சார் நீங்க. அவரும் இதையேதான சொல்றாரு?"

"அவர் சொல்றது உண்மைங்க."

"நல்லாத்தான் பேசுவாரு, நம்பாதீங்கன்னு நீங்கதான போட்டீங்க? இப்ப விடச் சொல்றீங்க. விட்டு ரோட்ல லாரி அடிச்சா யார் சார் பதில் சொல்றது? நாலாயிரம் பேர் பாத்துகினு இருக்காங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார். "சார், தப்பா நெனைக்காதீங்க. சொத்து கித்து தகராறா? வேன் வரட்டும். அங்க கொண்டுபோய் பத்திரமா வெச்சிருப்பாங்க. டாக்டர் பாத்து நல்லா இருக்காருன்னா விட்டுருவாங்க."

டாக்டரிடமும் அண்ணன் நன்றாகத்தான் பேசுவார்.

எனக்கு இப்போது ஒரே ஒரு வழிதான் தெரிகிறது. நீங்கள் குறுக்கே எதுவும் சொல்லிவிடாதீர்கள்.

"மாதேஷ், கிட்டக்க ஒரு படம் எடுத்து அனுப்புங்க... வந்துச்சு. ம். அவரோட வலது கையைப் பாருங்க. நடுவிரல் பாதிதான இருக்கு?"

"இல்ல சார். அஞ்சு வெரலும் முழுசா இருக்கு."

"எங்க அண்ணனுக்கு ரயில்வேல அடிபட்டு பாதி வெரல் போயிடுச்சுங்க."

"அது போஸ்ட்ல இல்லையே சார்?"

"அடையாளம் எதுவுமே போஸ்ட்ல இல்லையே. இருக்கா, பாருங்க."

"...இல்ல சார். ஆனா மூஞ்சி அப்படியே இருக்கு. டம்ளர் கூட வெச்சிருக்காரு சார் பையில. அதே டம்ளர்."

"எவர்சில்வர் டம்ளர் எந்த வீட்ல இல்ல?"

"இதுல பேர் வெட்டியிருக்கு சார். குணவதின்னு. உங்க வீட்ல யாராச்சும் அந்தப் பேர்ல..."

அந்த டம்ளர் எங்கள் அம்மா கொடுத்தது. அண்ணி வந்த வருஷம், பாத்திரக்கடையில் நான்தான் பக்கத்தில் நின்று பெயர் வெட்டி வாங்கி வந்தேன். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. அண்ணி கையால்தான் பத்து வருஷம் சாப்பிட்டேன்.

"இல்லைங்க. எங்க வீட்ல அப்படி யாரும் கிடையாது."

"அப்படியா சார்..."

"ஆள் வேறங்க. இவர் எங்க அண்ணன் இல்ல. அவர் சொல்றதுதான் நெஜம், மண்டி வாட்ச்மேன். பாவம், வேலைக்குப் போறவரைப் பிடிச்சி வெச்சிட்டீங்க. லைவ்ல அதையும் சொல்லிடுங்க, இல்லைன்னா நாளைக்கு உங்களைத்தான் திட்டுவாங்க."

ஷட்டர் தூக்குகிற சத்தம். கேட்கிறதா உங்களுக்கு? "மன்னிச்சுக்கோங்க பெரியவரே, வேற ஒருத்தர்னு நெனச்சிட்டோம்" என்கிறார் மாதேஷ். பக்கத்தில் யாரோ சிரிக்கிறார்கள். மாதேஷ் நல்லவர்தான், எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்க்கிறவர். "ஒரே ஒரு கேள்வி பெரியவரே, உங்களுக்குத் தம்பி இருக்காரா, ஏகாம்பரம்னு? லைன்ல இருக்காரு" என்று கேட்கிறார்.

"எனக்குத் தம்பியே கிடையாதுங்க."

வைத்துவிட்டார்கள்.

கொஞ்சம் தண்ணீர் இருந்தால் கொடுங்கள்.

விட்டுவிட்டார்கள். நடந்து போயிருப்பார். வேன் வந்தால் திரும்பிப் போகும். மண்டிக்குப் போய் என்ன சமாதானம் சொல்வாரோ. முதலாளி இரண்டு திட்டு திட்டிவிட்டு விட்டுவிடுவார். மாங்காய் சீசனில் ஆள் கிடைப்பது கஷ்டம்.

கண்டக்டர், நாட்றம்பள்ளியில் நிற்கும்தானே? நான் அங்கேயே இறங்கிக்கொள்கிறேன். டிக்கெட் கிருஷ்ணகிரிவரைக்கும் இருக்கிறது, பரவாயில்லை. இனிமேல் நான் அந்தப் பக்கம் போகக் கூடாது. இன்றைக்கு மட்டும் இல்லை. நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன் என்றால் சொன்னது உடைந்துபோகும், மறுபடியும் கையைப் பிடிப்பார்கள். அங்கே யாருமே தன்னைத் தேட மாட்டார்கள் என்கிற இடமாக அவருக்கு அது இருக்க வேண்டும் என்றால், நான்தான் முதலில் தேடாமல் இருக்க வேண்டும்.

நீங்கள் கிருஷ்ணகிரிதானே? இந்தச் சட்டையை மண்டியில்... வேண்டாம். வேண்டாம், அது தெரிந்துபோகும்.

ஆனால் ஒரு உதவி செய்ய வேண்டும் நீங்கள். என் போனில் எல்லா அழைப்பும் தானாகவே பதிவாகும். தொழிலுக்காக வைத்தது. கடைசி அழைப்பு இதோ இருக்கிறது, ஆறு நிமிஷம். அதில் கடைசி மூன்று வினாடி அவருடைய குரல். எனக்குத் தம்பியே கிடையாதுங்க. கேட்டவுடனே என் மனசு என்ன செய்தது தெரியுமா? அழவில்லை. இதை முதலில் வைத்து, பின்னால் அந்த டம்ளர் படத்தை வைத்தால் எப்படி இருக்கும் என்று பார்த்தது. அண்ணன் ஷட்டருக்கு வெளியே கால் வைப்பதற்குள் பார்த்துவிட்டது. இருபத்தெட்டு வருஷத்தில் நான் இப்படி ஒரு வரி எழுதினதில்லை.

நீங்களே அழித்துவிடுங்கள். என் விரலை நான் நம்ப மாட்டேன். அந்த மூன்று புள்ளியை அழுத்துங்கள். கீழே வரும். ஆமாம், அதுதான். நிச்சயமாகவா என்று கேட்கும். கேட்கட்டும், ஆமாம் என்று அழுத்துங்கள். குப்பைக் கூடையில் ஒரு மாதம் இருக்கும், அங்கேயும் போய் அழியுங்கள்.

போயிற்றா? காட்டுங்கள்.

சரி.

ஊருக்குப் போய் யாரிடமாவது இதைச் சொல்வீர்கள். யாராக இருந்தாலும் சொல்லத்தான் செய்வார்கள். சொன்னால் பெயரை மாற்றிவிடுங்கள். ஊரையும். மண்டி என்று சொல்லாதீர்கள், வேறு ஏதாவது வேலை வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ் மெதுவாகிறது, வருகிறேன். ஒன்றே ஒன்று. நீங்களும் கேட்டீர்களே, ஸ்பீக்கரில்தானே இருந்தது. அவர் அதைத் தப்பிப்பதற்காகத்தானே சொன்னார்? நான் விரல் என்று சொன்னதைப் புரிந்துகொண்டு, என் பொய்க்கு ஒத்துப் பேசினாரா? கோபம் இருந்ததா குரலில்? எனக்கு எதுவும் இருந்த மாதிரி தெரியவில்லை. நன்றாகத்தான் பேசினார். இன்னொரு தடவை கேட்டால் தெரிந்துவிடும்.

அழித்துவிட்டோம், இல்லையா.

சொல்லாதீர்கள். நீங்கள் என்ன சொன்னாலும் நான் அதை நம்ப மாட்டேன். கால்களைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள், பை இடிக்கும்.